மாம்புரி மணலில் ஒரு சிற்றுலகம்

இலங்கையின் வடமேற்குக் கரையிலே, மேற்கே இந்து சமுத்திரமும் கிழக்கே புத்தளம் களப்பும் இருபுறமும் அணைக்க, வடக்கு நோக்கி நீண்டு கிடக்கிறது கற்பிட்டிக் குடாநாடு. பாலாவியிலிருந்து அதனூடே செல்லும் வீதியில், நுரைச்சோலைக்கு அயலில் உள்ள கடற்கரைக் கிராமமே மாம்புரி. இவ்வூரின் பெயரைக் கேட்டதும் பலருக்கும் நினைவில் எழுவன, 2010ஆம் ஆண்டில் மின்சாரம் வழங்கத் தொடங்கிய காற்றாலைகளே. அயலிலே 900 மெகாவாட் வலுவுள்ள அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியும் வானை நோக்கி நிற்கின்றது. வருவோர் அனைவரும் இவற்றை அண்ணாந்து பார்க்கின்றனர். நாமோ, சென்ற பங்குனி மாதத்தில், அதே கரையின் மணலில் முழங்கை ஊன்றிக் குப்புறக் கிடந்தோம். சிறியனவற்றை நெருங்கிப் படம் பிடிக்கும் ‘மக்ரோ’ புகைப்படக் கலையில் நமக்குள்ள ஆசையே அதற்குக் காரணம்.

ஒரு பொருளின் பிம்பம் கமராவினுள்ளே அதன் மெய்யளவிலேயே விழும்படி எடுப்பதே இக்கலையின் இலக்கணம். இவ்வளவு நெருங்கியதும் ஒரு சங்கடம் தோன்றுகிறது. படத்தில் தெளிவாக அமையும் ஆழம் ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்கு மேற்படுவதில்லை. எறும்பின் கண் தெளிந்தால் அதன் வயிறு மங்கும். பூவிதழ் ஒரு நூலளவு அசைந்தாலும் படம் பாழாகும். ஆதலின் காற்றாலைக்கு உயிராகிய காற்று, நமக்குப் பகையாகும். யாழ்ப்பாணத்தார் சோளகம் என்று கூறும் தென்மேற்குப் பருவக்காற்று வைகாசிக்குப் பின் இக்கரையில் ஓங்கி வீசும். அதற்கு முந்திய பங்குனி, சித்திரையிலும் விடியற்காலையே நமக்கு வாய்ப்பான வேளை. பொழுது ஏறக் கடற்காற்றும் ஏறிவிடும்.

முதலில் நம் கண்ணைக் கவர்ந்தது அடம்பன் கொடி. ஊதா கலந்த செந்நிறப் பூக்களுடன் மணல் மேட்டின்மீது படர்ந்து கிடந்தது. அதன் இலை நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். தாவரவியலார் இதற்கு இட்ட இலத்தீன் பெயர் ‘ஆட்டின் பாதம்’ என்று பொருள்படும். குறுந்தொகைப் புலவர் ஒருவரோ இதே இலையை மானின் அடிக்கு ஒப்பிட்டிருக்கின்றார். கமராவும் வில்லையும் இல்லாத காலத்தில் நெய்தல் நிலத்தில் ஒருவர் குனிந்து உற்றுநோக்கியதன் பயன் அது. நாமும் குனிந்து நோக்கினோம். இலைக்காம்பு இலையோடு சேருமிடத்தில், ஊசிமுனை போன்ற இரு சுரப்பிகள் தென்பட்டன. அவற்றில் கசியும் தேனை ஓர் எறும்பு அருந்திக்கொண்டிருந்தது. பூவில் அல்லாமல் இலையில் தேன் வைப்பானேன்? எறும்புகள் நடமாடும் கொடியைத் தின்னும் பூச்சிகள் அண்ட அஞ்சும் என்று ஆராய்ந்தோர் கருதுவர்.

இவ்விடத்தில் நம் தவறொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த இலை வேறு இலைகளின் மறைவில் இருந்தது. வெளிச்சம் படவேண்டும் என்ற அவசரத்தில் கொடியைப் பற்றிச் சற்றே இழுத்தோம். அடம்பன் கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பற்றுவது. அவ்வேர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. அடியிலிருந்த மணல் சரசரவென்று சரிந்தது. வலையைத் தோளிலிட்டு அவ்வழியே வந்த முதியவர் ஒருவர் நின்றார்.

“தம்பி, அந்தக் கொடிய இழுக்காதீங்க. காத்து எழும்பினா இந்த மணல் எல்லாம் எங்கட மிளகாய்ப் பாத்திக்குத்தான் வரும்,” என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. நமக்கோ நாணம் மிகுந்தது. இந்த மணற்பாங்கான பூமியில் நீர் இறைத்து வெங்காயமும் மிளகாயும் விளைவிப்பவர்களுக்கு, அக்கொடி ஓர் அலங்காரம் அன்று, வேலி. ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்று நம் முன்னோர் சொன்ன பழமொழியைப் பள்ளியிலே பொருள் எழுதிப் படித்திருக்கின்றோம். அதன் மிடுக்கு எதைத் தாங்குகின்றது என்பதை அன்றுதான் கண்டோம். கொடியை முன்போல் கிடத்தி, கணுக்களை மணலால் மூடி, குடிக்கக் கொண்டுவந்த நீரை வார்த்தோம். அன்று எடுத்தவற்றுள் மிகச் சிறந்தது அந்த எறும்பின் படமே. எனினும் அதை நம் தொகுப்பில் சேர்க்க மனம் இசையவில்லை.

அதன்பின் எதையும் தொடுவதில்லை என்று உறுதி கொண்டோம். வளையின் வாயிலில் இருந்த நண்டொன்று நம்மைக் கண்டதும் உள்ளே மறைந்தது. தோண்டி எடுக்காமல், அசையாது காத்துக் கிடந்தோம். நெடுநேரத்தின் பின் முதலில் காம்பின்மேல் நிமிர்ந்த இரு கண்களும், பிறகு மணல் ஒட்டிய கால்களும் வெளிவந்தன. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, ஒவ்வொரு கண்ணும் எண்ணற்ற சிறு கண்களின் கூட்டாக விளங்கிற்று. காத்திருந்தமைக்கு அது போதிய கூலி.

பத்து மணியளவில் காற்று எழுந்தது. காற்றாலைகளும் சுழலத் தொடங்கின. கமராவை உறையில் இடும் வேளையில், இராவணன் மீசைப் புல்லின் முள்ளுருண்டை ஒன்று மணலில் உருண்டோடி நம்மைக் கடந்து சென்றது. காற்றையே வண்டியாக்கி, தங்கும் இடங்களில் விதையை உதிர்த்துச் செல்வது அதன் இயல்பு. நமக்குப் பகையான காற்று அதற்குத் துணை!

மாணவர்களே, இக்கலைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டும் என்று மலைக்க வேண்டாம். கைத்தொலைபேசியின் கண்ணுக்கு முன் ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்தாலே போதும்; முற்றத்துச் செடி புது நாடாகத் தோன்றும். காற்றை மறைக்க ஒரு குடை, வெளிச்சத்தைத் திருப்ப ஒரு வெள்ளைத் தாள், நாளும் இடமும் குறித்துவைக்க ஒரு கொப்பி இவையே துணை. பறிக்காமலும் பிடுங்காமலும் எடுக்க முடியாத படத்தை விட்டுவிடுங்கள்.

நாம் திரும்பும்போது, இழுத்த கொடியின் நுனியிலைகள் வாடித் தொங்கின. அது மீண்டும் வேர் பிடித்ததோ அறியோம். சோளகம் ஓய்ந்தபின், அதைக் காண்பதற்கென்றே மறுபடியும் மாம்புரிக்குச் செல்ல எண்ணியுள்ளோம்.