செவிலி என்றொரு சொல்

2021 ஏப்ரல். டெல்லி மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அண்ணன். பார்க்க எங்களுக்கு அனுமதியில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் கேரளத்து நர்ஸ் ஒருவர் போன் செய்வார். மலையாளம் கலந்த தமிழ்: "சேட்டனைக் கவிழ்த்துக் கிடத்தியிருக்கு. ஆக்சிஜன் கொஞ்சம் கூடியிருக்கு."

கவிழ்ப்பது லேசான காரியமல்ல. குழாய்கள் கழன்றுவிடாமல் நாலைந்து பேர் சேர்ந்து புரட்ட வேண்டும். நாளுக்கு 16 மணி நேரம் வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். எல்லாமே பாதுகாப்பு உடைக்குள் வியர்வையில் நனைந்தபடி. ஷிஃப்ட் முடியும்வரை ஒரு வாய் தண்ணீர் கிடையாது, கழிப்பறை கிடையாது. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளி ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பது விதி. அவர் பொறுப்பில் நான்கு பேர்.

முந்தைய ஆண்டு மே 3 அன்று விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மீது மலர் தூவின. அவருக்குத் தேவைப்பட்டது இன்னும் மூன்று நர்சுகள்.

அண்ணன் பிழைத்து வந்தார். அவருக்கு அந்த நர்ஸின் முகம் தெரியாது. உடையில் மார்க்கரால் எழுதியிருந்த பெயர்தான் நினைவிருக்கிறது. சில மாதங்கள் கழித்து நன்றி சொல்ல அழைத்தேன். ஒப்பந்தம் முடிந்துவிட்டது, ஊரில் இருக்கிறேன் என்றார். குரலில் குறையேதும் இல்லை.

எம்.ஏ.வில் படித்த சங்கப் பாடல்களில், வளர்த்த மகள் பிரிந்துபோக, வீட்டில் நின்று புலம்புபவள் செவிலி. இங்கே பிழைத்தவர்கள் வீட்டில் இருக்கிறோம். அனுப்பப்பட்டவர் செவிலி.