அரப்பும் வடிகஞ்சியும்

எங்கள் குடும்பத்துக்குச் சுருட்டை முடி அம்மாவின் அப்பாவான அப்புச்சி வழியாக வந்தது. அவரிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து எனக்கு. அம்மாவின் அம்மாவான அம்மாயிக்கு நேரான கோரை முடி. ஒரு சுற்றுச் சுற்றிச் செருகினால் சாயங்காலம் வரை அவிழாத கொண்டை. ஆனாலும் வீட்டில் சுருட்டை முடியை முழுசாகத் தெரிந்துவைத்திருந்தது அவருடைய கைகள்தான். அம்மாவின் தலையில் பழகிய கை, பிறகு என் தலைக்கு வந்தது.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாயும் ஊர். எண்பதுகளில் தொடக்கப்பள்ளிப் படிப்பை அங்கேதான் படித்தேன். வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றும் நாள். கருக்கலிலேயே பொடக்காலியில் அண்டாவுக்கு அடியில் பருத்திமார் எரியும். அடுப்படியில் இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெய் காயும். நாலு மிளகும் கொஞ்சம் சீரகமும் அதில் பொரிகிற வாசம்தான் என்னை எழுப்பும்.

எண்ணெய் வைப்பதில் அம்மாயிக்கு ஒரு முறை இருந்தது. உச்சியில் மட்டும் தட்டிவிட்டுப் போக மாட்டார். தலையை நாலு பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு கற்றையாகக் கையில் எடுத்து, நுனிக்குத்தான் முதலில் தடவுவார். சிக்கு இருக்கும் இடத்தில் விரல் நிற்கும். இரண்டு கட்டைவிரலாலும் முடிச்சைப் பக்கவாட்டில் தளர்த்தி, ஒவ்வொரு இழையாக உருவி எடுப்பார். பொறுமை இழந்து நான் நெளிந்தால், "அசையாம உக்காரு சாமி. வேர்ல புடிச்சு இழுத்தா சிக்கு இறுகிக்கும். நுனியில இருந்து மேல வரோணும்" என்பார். நேரம் போவதைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. அடுப்பில் வெந்நீர் கொதித்தாலும் கொதிக்கட்டும் என்று இருப்பார்.

அரப்புத்தூள் புளியம்பட்டி வியாழக்கிழமைச் சந்தையில் வாங்கியது. காய்ந்த இலையை இடித்த பச்சைத்தூள். முந்தின நாள் சோறு வடித்த கஞ்சி லேசாகப் புளித்திருக்கும். அதில் அரப்பைக் குழைத்துத் தலையில் அப்புவார். நுரை அதிகம் வராது. கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது என்பதால் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெந்நீர் முதுகில் வழியும்போது பச்சை இலையும் புளிப்பும் கலந்த ஒரு மணம் எழும். எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும், ஆனால் முடி வறவறவென்று ஆகாது. அலசிய சுருளைக் கையில் எடுத்தால் வழவழவென்று நழுவும்.

துவட்டுவது அப்புச்சியின் பழைய வேட்டியால். தேய்க்கக் கூடாது; துணியில் பொதிந்து நீரை ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் பாதி இறங்கியதும் அகலப் பல் மரச்சீப்பு வரும். முழுசாகக் காய்ந்த தலையில் அம்மாயி சீப்பு வைத்ததே இல்லை. சாம்பிராணிப் புகை காட்டும் நேரத்தில் சுருள்கள் தாமாகவே வளைந்து வளைந்து எழும்பி நிற்கும். சீப்பில் வந்த முடியைப் பந்தாகச் சுருட்டிச் சுவர்ப் பொந்தில் செருகிவைப்பார். சவரி முடிக்கு வாங்குகிற பெண்கள் வந்தால் அதைக் கொடுத்து ஊசியும் பாசியும் வாங்கிக்கொள்வோம்.

இதற்கெல்லாம் காரணம் பின்னாளில் படித்தபோதுதான் புரிந்தது. சுருட்டை முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்காது. தட்டையான நீள்வட்டமாக இருக்கும். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் எளிதாக இறங்கிவிடும், வளைவு வளைவான முடியில் நுனிவரை போய்ச் சேராது. அதனால்தான் நுனி எப்போதும் வறண்டிருக்கும். ஒவ்வொரு வளைவும் முறியக்கூடிய இடம். துணி சோப்பைப் போலக் காரம் மிகுந்த எதைப் போட்டாலும் முடியின் மேல்செதில்கள் விரிந்து, ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். புளிப்பு அந்தச் செதில்களைப் படியவைக்கும். குளிப்பதற்கு முன் எண்ணெய் தடவுவதைப் பற்றியும் 2003இல் ஓர் ஆய்வு வந்தது. தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே ஊடுருவிப் புரதம் கரைந்துபோவதைக் குறைக்கிறது என்று அதில் கண்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் சுருட்டை முடியின் இந்த இயல்பு யாருக்கும் தெரியாது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பக்கம் மண்ணை வாரி அடிக்கும். எவ்வளவு இறுக்கிப் பின்னி ரிப்பன் கட்டினாலும், பள்ளி போய்ச் சேர்வதற்குள் நெற்றியோரம் முழுவதும் எழும்பி நிற்கும். ஒரு டீச்சருக்கு அது வாராத தலை. பிரேயருக்கு முன்னால் என்னை வரிசையிலிருந்து இழுத்து, நெருக்கமான பல் சீப்பால் காய்ந்த முடியை உச்சியிலிருந்து இழுத்துச் சீவினார். முடி அறுபடும் சத்தம் எனக்குக் கேட்டது. அழுதால் இன்னும் சீவுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் அம்மாயி என்னோடு பள்ளிக்கு வந்தார். கோபமாகப் பேசவில்லை. "டீச்சரம்மா, இது வாராத தலை இல்லீங்க. நாந்தான் வாரி அனுப்பறேன். இந்த முடி இப்படித்தானுங்க நிக்கும். காஞ்ச தலையில மட்டும் சீப்பு வெக்காதீங்க, புள்ளைக்கு வலிக்குது." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த டீச்சர் என் தலையில் கை வைக்கவில்லை. எனக்காக ஒருவர் வாதாடியதை முதன்முதலில் பார்த்தது அன்றுதான். நான் நிமிர்ந்து உட்காரத் தொடங்கியதும் அன்றிலிருந்துதான்.

சுருட்டை முடி சோறு போடும், கோரை முடி குடியைக் கெடுக்கும் என்று ஊரில் சொல்வார்கள். என்னைக் கொஞ்சுவதற்கென்று அம்மாயி முன்னாலேயே சொன்னவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பழமொழி பிடிக்காது. எங்கள் குடியைக் கட்டிக் காத்ததும், காட்டு வேலைக்குப் போய்ச் சோறு போட்டதும் அந்தக் கோரை முடிக்காரிதான்.

இப்போது கல்யாணத்துக்கு முன்னால் சுருட்டை முடிப் பெண்களை அழகு நிலையத்துக்குக் கூட்டிப்போய் நேராக்கிவிடுகிறார்கள். முடிக்குள்ளிருக்கும் கந்தகப் பிணைப்புகளை ரசாயனத்தால் உடைத்துச் சூட்டால் அழுத்துகிற வேலை அது. புதிதாக முளைக்கும் முடி மறுபடியும் சுருண்டுதான் வரும். விரும்பிச் செய்துகொள்கிறவர்களை நான் தடுக்கவில்லை. ஆனால் தன் முடி ஒரு குறை என்று நம்பவைக்கப்பட்ட பிள்ளைகளே அங்கே அதிகம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

உங்கள் வீட்டில் சுருட்டை முடிப் பிள்ளை இருந்தால், தயவுசெய்து காய்ந்த தலையில் சீப்பு வைக்காதீர்கள். எண்ணெயோ ஈரமோ இருக்கும்போது விரலால் சிக்கெடுத்துவிட்டுச் சீவுங்கள். அவசரமாக இருந்தால் அன்றைக்குச் சீவாமலே பள்ளிக்கு அனுப்புங்கள். யாராவது கேட்டால், நீங்கள் போய்ப் பதில் சொல்லுங்கள்.