வெந்நீரும் வை-ஃபையும்

2020 ஊரடங்கு. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் மாடி போர்ஷன், வீட்டிலேயே ஆபீஸ். மீட்டிங்கில் மேனேஜர் முகம் அடிக்கடி உறைந்துவிடும் (குளிரால் அல்ல!). ரவுட்டரைப் பார்த்தால்... நான் ஒண்டிக்கட்டை, இணைப்பில் ஐந்து போன்! தெரியாததையெல்லாம் பிளாக் செய்தேன். ஒன்று மட்டும் மறுநாளே ஆஜர். ஆண்ட்ராய்டு 10 வந்ததிலிருந்து போன்கள் தங்கள் அடையாள எண்ணான மேக் முகவரியையே மாற்றிச் சொல்லுமாம். விடுவேனா? பாஸ்வேர்டையே மாற்றினேன்.

சாயங்காலம் கீழ்வீட்டு அக்கா வந்தார்.

"தம்பி, பையனுக்கு ஆன்லைன் பரீட்சை பாதியில நின்னுடுச்சு."

"என் வை-ஃபை உங்களுக்கு எப்படிக்கா..?"

"நீங்கதானே குடி வந்த அன்னிக்கு எழுதிக் குடுத்தீங்க, வெந்நீர் வாங்கிக்கிட்டு?"

அன்று ராத்திரியே பையனுக்கு கெஸ்ட் நெட்வொர்க், தனி பாஸ்வேர்டு. வெந்நீர் மட்டும் மூன்று நாள் கழித்துத்தான் வந்தது.