கருவேலங்கிளையில் தொங்கும் வீடு

இராமநாதபுரம் மாவட்டம் முதுகுளத்தூரை அடுத்த சித்திரங்குடிக் கண்மாய், 1989ஆம் ஆண்டு முதல் பறவைகள் சரணாலயமாக விளங்கி வருகின்றது. மழைக்காலத்தில் அங்குச் செல்வோர், கருவேல மரங்களில் கூடுகட்டும் நாரைகளையும் கொக்குகளையும் கண்டு களிப்பர். நீர் வற்றிப் பறவைகள் அகன்ற கோடையிலோ அம்மரங்களை ஏறிட்டுப் பார்ப்பாரில்லை. நான் சென்றது அத்தகையதொரு கோடையில்தான். மரங்கள் அப்போதும் வெறுமையாய் இருக்கவில்லை.

முள்ளும் குச்சியும் சேர்த்துக் கட்டிய சிறு விறகுக்கட்டுப் போன்ற ஒன்று கிளையில் தொங்கிற்று. காய்ந்த சுள்ளியென எண்ணி நோக்குகையில், அது மெல்ல நகர்ந்தது! அந்துப்பூச்சி வகையைச் சேர்ந்த பைப்புழுவின் வீடு அது. புழு தன் வாயினின்று வரும் பட்டிழையால் பை நெய்து, அதன்மேல் குச்சிகளை ஒட்டிக்கொள்கிறது. மேல்வாயில் வழியே தலையையும் ஆறு கால்களையும் நீட்டி இலையைத் தின்னும். கழிவைக் கீழ்வாயில் வழியே தள்ளும்.

வீட்டைக் கொண்டே குடியிருப்பது யாரென அறியலாம். குச்சிகளை நீளவாக்கில் அடுக்கியிருப்பின் அது யூமெட்டா இனம். புளியமரத்தில் காணும், துணுக்குகள் ஒட்டிய மிகச் சிறிய கூம்புப் பை, டெரோமா இனத்தினுடையது. நம் வீட்டுச் சுவரில் ஊர்ந்து செல்லும், பூசணி விதை போன்ற தட்டையான கூட்டையும் பலர் இதுவென்றே கருதுவர். அது வேறு குடும்பம். துணியரிக்கும் பூச்சிக்கு உறவு.

வளர்ந்த ஆண், சிறகு பெற்று வெளியேறி, ஏதும் உண்ணாமல் சில நாட்களே வாழும். பெண்ணுக்கோ சிறகில்லை. தான் கட்டிய பையினுள்ளேயே முட்டையிட்டு மடிந்துபோகிறது. பொரித்த குஞ்சுகள் மெல்லிழையில் தொங்கி, காற்றில் மிதந்து வேறு கிளை சேர்ந்து, உடனே தத்தமக்கு வீடு கட்டத் தொடங்குகின்றன.

அசையாத பையைக் கண்டால் வெறுங்கூடென்று பிய்த்தெறிவது சிறுவர் இயல்பு. கீழ்முனையில் காய்ந்த தோல் நீட்டிக்கொண்டிருந்தால், ஆண்பூச்சி பறந்துவிட்டதென அறியலாம். அவ்வடையாளம் இல்லையேல், இறந்த தாயின் நூற்றுக்கணக்கான முட்டைகள் உள்ளே இருக்கக்கூடும். தோட்டத்தில் இவை பெருகி மரத்தை மொட்டையாக்கினால், பொரிக்குமுன் பைகளைக் கையால் பறித்து அழிப்பது உழவருக்குத் தேவையே. கண்மாய்க்கரை மரத்திலோ அந்தத் தேவை நமக்கில்லை. பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், கிழித்துப் பாராமல் கண்ணால் பார்த்தே அறியும் பொறுமையை அவர்களுக்குப் பழக்குவார்களாக.