கண்ணிக்குள் ஒளியும் தேய்மானம்

நெல்லை கே.டி.சி. நகரில் தூத்துக்குடி சாலையும் நாற்கரச் சாலையும் சேருமிடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், தென்மாவட்டத்துக் கனரகச் சரக்கெல்லாம் கண்முன்னே போகும். துறைமுகத்திலிருந்து கயத்தாறுக்கும் முப்பந்தலுக்கும் போகும் காற்றாலைக் கோபுரத் துண்டுகள், கல்குவாரிக்குப் போகும் ஹிட்டாச்சிகள். பக்கத்தில் பைக்கில் போகிறவருக்கும் 20 டன் இரும்புக்கும் நடுவே இருப்பது நாலைந்து சங்கிலிதான். அந்தச் சங்கிலி இன்னும் தாங்குமா என்பதை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்று பார்க்க, பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு டிரெய்லர் செட்டுக்குப் போனேன்.

டீசலில் ஊறவைத்த சங்கிலியைக் கம்பி பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தார் லோடு கட்டும் அண்ணாச்சி. "அழுக்கோட பாக்கதும் பாக்காம இருக்கதும் ஒண்ணுதான் தம்பி" என்றார். துறைமுகச் சரக்குக்குப் போய்வரும் சங்கிலியில் உப்புக்காற்று பட்டுத் துரு ஏறும். உதிர்ந்த துருவும் சாலை மணலும் கண்ணிகளுக்கு நடுவே புகுந்து, வண்டி குலுங்கக் குலுங்க இரும்பை அரைக்கும்.

துடைத்ததும் சங்கிலியைச் சிமெண்டுத் தரையில் தளர்வாகப் போட்டார். இழுத்துப் பிடித்தபடி பார்த்தால் எல்லாக் கண்ணியும் புதுசுபோலத்தான் தெரியும். தேய்வது வெளிப்பக்கம் இல்லை, ஒரு கண்ணி இன்னொன்றின் மேல் உட்காரும் உள்வளைவு. இரண்டு கண்ணியையும் எதிரெதிராகத் தள்ளி அந்த இடத்தைத் திறந்து காட்டினார். சுற்றிலும் கறுப்பு, அங்கே மட்டும் பளபளவென்று ஒரு பள்ளம். வெர்னியரை வைத்தார்: 8.8 மில்லிமீட்டர். சங்கிலி 10 மில்லிமீட்டர் கம்பியில் செய்தது. ஒன்பதுக்குக் கீழே போனால் கழிவு.

இந்தக் கணக்கு அவர் கைப்பழக்கம் மட்டுமல்ல. சரக்குக் கட்டும் சங்கிலிக்கான ஐரோப்பியத் தரநிலையான இ.என். 12195-3, பத்து விழுக்காட்டுக்கு மேல் தேய்ந்தாலோ மூன்று விழுக்காட்டுக்கு மேல் நீண்டாலோ விலக்கு என்கிறது. பத்து விழுக்காடு சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் விட்டம் 10 என்பது 9 ஆனால் குறுக்குப் பரப்பில் 19 விழுக்காடு போய்விடுகிறது. 8 என்று தர முத்திரை அடித்த 10 மில்லிமீட்டர் சங்கிலியை ஏறத்தாழ ஆறேகால் டன் வரை இழுத்துக் கட்டலாம், அறுவதற்கு அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும். சடன் பிரேக்கில் சரக்கு தன் எடையில் 80 விழுக்காட்டு விசையோடு முன்னால் பாயும் என்று வைத்துத்தான் கட்டச் சொல்கிறார்கள். 20 டன் ஹிட்டாச்சிக்கு அது 16 டன். அந்தப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தேய்மானத்துக்கு விட்டுக்கொடுக்க இதில் இடமே இல்லை.

நீளம் பார்க்க அவர் வைத்திருக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. சுவரில் ஓர் ஆணியில் இருபது கண்ணியுள்ள புதுச்சங்கிலி எப்போதும் தொங்குகிறது. பக்கத்து ஆணியில் பழையதை மாட்டி இருபதாவது கண்ணியைப் பார்க்கிறார். புதியது 600 மில்லிமீட்டர். பழையது 18 மில்லிமீட்டர், ஒரு விரல் அகலம், தாழ இறங்கினால் தீர்ந்தது. அதோடு நிற்பதில்லை. பத்தொன்பது கண்ணி சரியாக இருந்து ஒன்று மட்டும் நீண்டிருந்தால் மொத்த நீளம் அதைக் காட்டாது. அதனால் ஒவ்வொரு கண்ணியையும் விரலால் திருகுகிறார். நீண்ட கண்ணி இடுங்கிப்போய்ப் பக்கத்துக் கண்ணியைக் கவ்விக்கொள்ளும், சுழலாது.

2024 ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரின் வடங்கள் அறுந்ததை ஊரே பார்த்தது. அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "வடம்னா பிரி விடுதது தெரியும். சங்கிலிய நாமதான் தேடிப் பாக்கணும்" என்றார். நல்ல சங்கிலியும் அறுவதற்கு முன் நீண்டு காட்டும், பார்க்க ஆள் இருந்தால். வெல்டிங் வைத்த சங்கிலி அந்த எச்சரிக்கையைக்கூடத் தராது. பதமேற்றிய எஃகில் சூடு பட்டதும் அந்தப் பதம் கெட்டுவிடுகிறது. குவியலில் அப்படி ஒன்று இருந்தது, அளந்துகூடப் பார்க்காமல் ஓரமாக வீசினார். நடுவில் போல்ட் போட்டு இணைத்ததற்கும் அதே கதி.

"இன்னும் ஒரு டிரிப் ஓடட்டும்" என்ற பேச்சை இந்தத் தொழிலில் கேட்காதவர் இல்லை. வாடகைக் கணக்குப் பார்ப்பவர் கையில் இந்த முடிவை விடவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். லோடு கட்டுகிறவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இந்த செட்டில் அப்படித்தான் நடக்கிறது, முதலாளி குறுக்கே வருவதில்லை.

கழித்த சங்கிலியை அண்ணாச்சி முழுசாகப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுப்பதில்லை. கேஸ் கட்டரால் மூன்று நாலு கண்ணிக்கு ஒரு துண்டாக வெட்டிப் போடுகிறார். முழுசாகக் கொடுத்தால் கூடுதல் காசு கிடைக்குமே என்று கேட்டேன். "கிடைக்கும் தம்பி. முழுச்சங்கிலிய ஏன் கூட விலைக்கு வாங்குதான்? இன்னொரு லாரிக்காரனுக்கு விக்கத்தான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த சங்கிலியை டீசலிலிருந்து தூக்கினார்.