எங்க ஊர் ஹிட் பாட்டும் நைனாவின் நோட்டும்

போன மாசம் ஒரு சனிக்கிழமை, எடிசனில் நண்பர் வீட்டில் பாட்லக். சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல அந்தாக்ஷரி. இந்த முறை யாரோ புதுசாக ஒரு விதி போட்டார்கள்: ஊரைப் பத்தின பாட்டுதான் பாடணும். மதுரைக்காரர்கள் அடங்கவே இல்லை. மெட்ராஸ் கோஷ்டி அதுக்கு மேல. என் முறை வந்தபோது ஒருத்தர், "நீங்க திருப்பதிதானே சார், உங்க ஊருக்கு ஏது பாட்டு?" என்றார்.

சீர்காழி 'திருமலை தென்குமரி' படத்தில் (1970, ஏ.பி.நாகராஜன், இசை குன்னக்குடி) பாடியது இருக்கிறது. அதைப் பாடித் தப்பித்துவிட்டேன். ஆனால் எங்க ஊரின் உண்மையான ஹிட் பாட்டு அது இல்லை என்று எனக்குத் தெரியும். எம்.எஸ். பாடிய சுப்ரபாதம்தான். அந்தப் பாட்டில்தான் நான் படித்தேன், சாப்பிட்டேன். நிஜமாகவே சொல்கிறேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எண்பதுகளில் நைனா காந்தி ரோட்டுப் பக்கம் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். (எங்க பக்கம் தமிழ் பேசுகிற வீட்டிலும் அப்பா நைனாதான்.) சாமி படம், கறுப்புக் கயிறு, குங்குமம், கேசட். மலையிலிருந்து இறங்கி வருகிற மொட்டைகள் பஸ் ஏறுவதற்கு முன்னால் லட்டுப் பையோடு கடைக்கு வருவார்கள். பத்தில் ஏழு பேர் கேட்பது ஒரே கேசட்தான். கர்நாடகாக்காரர், மராட்டிக்காரர், யாராக இருந்தாலும் "சுப்ரபாதம் உந்தா?" என்கிற அளவுக்குத் தெலுங்கு பேசிவிடுவார்கள் :-)

அந்தப் பாட்டின் கதையைக் கொஞ்சம் சொல்லணும். எழுதியவர் பிரதிவாதி பயங்கரம் அண்ணன். காஞ்சிபுரத்துக்காரர், 15ஆம் நூற்றாண்டு, மணவாள மாமுனிகளின் சீடர். சுப்ரபாதம் 29, ஸ்தோத்திரம் 11, பிரபத்தி 16, மங்களம் 14, ஆக மொத்தம் 70 சுலோகம். இதில் ஒரு வேடிக்கை, முதல் சுலோகம் அவருடையதே இல்லை. வால்மீகி ராமாயணத்தில் விசுவாமித்திரர் ராமனை எழுப்புகிற இடத்தை அப்படியே எடுத்து முன்னால் வைத்துவிட்டார். எங்க நைனா இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, "ஆரம்பமே காப்பிதாண்டா" என்று சிரிப்பார். ஏன் அப்படிச் சிரித்தார் என்று பின்னால் வருகிறது.

சாமியை எழுப்புகிற பாட்டுதான், ஆனாலும் கேட்டால் ஊர் தெரியும். ஏழு மலைகளின் பேரும் ஒரு சுலோகத்தில் வரிசையாக வரும். இன்னொன்றில் தென்னை, பாக்கு மரங்களின் வாசனையோடு காற்று வரும். கூண்டுக் கிளிகள் பாத்திரத்தில் மிச்சமிருக்கிற வாழைப்பழத்தையும் பாயசத்தையும் தின்றுவிட்டு விளையாடும். மலை மேல் இன்றைக்கும் விடிகாலை மூணு மணி வாக்கில் சந்நிதியில் நேரடியாகச் சொல்லித்தான் எழுப்புகிறார்கள். மார்கழியில் மட்டும் சமஸ்கிருதத்துக்கு லீவு, நம்ம ஆண்டாளின் திருப்பாவை.

சந்நிதிக்குள் இருந்ததை வீட்டு அடுக்களைக்குக் கொண்டுவந்தது 1963ல் எச்.எம்.வி. வெளியிட்ட எல்.பி. ரெக்கார்டு. எம்.எஸ்.ஸோடு மகள் ராதா விஸ்வநாதனின் குரல். கச்சேரி மாதிரி ஆலாபனை, ஸ்வரம் எதுவும் கிடையாது. அதனால்தான் பாட்டு தெரியாதவர்களும் கூடவே முணுமுணுக்க முடிந்தது. காபி டிகாஷன் இறங்குகிற நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று அமையவில்லை. ரேடியோ, டீக்கடை, கேசட், சி.டி., செல்போன் என்று அறுபது வருஷத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. பிட்ஸ்பர்க் கோயிலுக்குப் போகிற வழியில், காரில் பின் சீட்டில் தூங்கும் குழந்தைகளோடு, நம்மில் எத்தனை பேர் இதைப் போட்டிருக்கிறோம்!

சரி, கடைக்கு வருகிறேன். ஒரிஜினல் கேசட்டில் கமிஷன் ரொம்பக் குறைவு. நைனா ஒரு டபுள் டெக் வாங்கினார். ராத்திரி கடை சாத்தியதும் ஒரு பக்கம் ஒரிஜினல், மறு பக்கம் காலி கேசட். நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். சாமியை எழுப்புகிற பாட்டைக் கேட்டபடியே தினமும் தூங்கிப்போன ஒரே பையன் நானாகத்தான் இருப்பேன். என் ஸ்கூல் பீஸ் அதில்தான் வந்தது.

ஒரு நாள் வாடிக்கையாகக் கடைக்கு வரும் ரிடையர்டு வாத்தியார் ஒருத்தர் சும்மா பேச்சுவாக்கில் சொன்னார்: "இந்தப் பாட்டோட ராயல்டியை அந்தம்மா எடுத்துக்கிறதில்ல, தெரியுமோ? தேவஸ்தானத்துக்குக் கொடுத்துட்டாங்க." அதோடு நிறுத்தவில்லை. எம்.எஸ்.-சதாசிவம் தம்பதி கையில் காசு இல்லாமல் கல்கி கார்டன்ஸ் வீட்டையே விற்றதையும், காஞ்சிப் பெரியவர் சொல்லி, தேவஸ்தான நிர்வாக அதிகாரியாக இருந்த பி.வி.ஆர்.கே. பிரசாத் முயற்சியில் 1980 வாக்கில் 'பாலாஜி பஞ்சரத்னமாலா' என்று ஐந்து ரெக்கார்டுகள் வந்ததையும், அந்த வழியாக அவர்களுக்கு உதவி போனதையும் சொன்னார். அன்னமாச்சாரியார் பாட்டெல்லாம் அந்த வயசில் புதிதாகக் கற்றுக்கொண்டு பாடினாராம்.

நைனா அன்றைக்கு ராத்திரி டெக்கைப் போடவில்லை. அதற்கப்புறம் என்றைக்குமே போடவில்லை. அம்மாவிடம் மட்டும், "அந்தம்மா சாமிக்குக் கொடுத்ததை நான் எடுத்துட்டேன்" என்றாராம். என்னிடம் எதுவும் சொன்னதில்லை.

2004 டிசம்பர் 11 அன்று எம்.எஸ். காலமானார். சி.டி.யும் எம்.பி.3யும் வந்து நைனா கடையை மூடியதும் அந்த மாசம்தான். 2006ல் திருப்பதியில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். அடுத்த வருஷம் நான் லீவில் போனபோது நைனா என்னை அங்கே கூட்டிப்போனார். சுற்றிலும் பஸ்ஸும் ஆட்டோவும் ஹாரன் அடிக்க, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "என்ன நைனா, இது கோயிலா?" என்று கேலி செய்தேன். பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டார். அந்தக் கேலியை இன்றைக்கும் என்னால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.

2019ல் நைனா போய்விட்டார். 2024 கோடையில் வீட்டைக் காலி பண்ணும்போது பரணில் அந்த டெக்கும், ஒரு கணக்கு நோட்டும் கிடைத்தன. காலி கேசட் வாங்கிய பில்களை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்: 1,140 கேசட். கேசட்டுக்கு அஞ்சு ரூபாய் லாபம். நூறு, இருநூறாக உண்டியலில் போட்டதெல்லாம் தேதியோடு இருந்தது. 900 கேசட்டுக்கு, அதாவது 4,500 ரூபாய் அடைத்திருக்கிறார். கடைசி வரி 2004 டிசம்பர்: "240 பாக்கி."

"ஏம்மா, நான் அனுப்பின காசுல 1,200 ரூபா போட்டிருக்கக் கூடாதா?"

"நானும் சொன்னேன். கடையில செஞ்ச தப்பு, கடைக் காசுலதான் அடைக்கணும், பையன் காசு கூடாதுன்னுட்டார். கடைதான் மூடிடுச்சே."

ரெண்டு நாள் யோசித்தேன். பிறகு அந்த டெக்கை எடுத்துப்போய், பழைய ரேடியோ சரிபண்ணுகிற ஒருத்தரிடம் விற்றேன். 1,500 கொடுத்தார். கடைச் சாமான், அதனால் கடைக் காசு. அம்மாவும் நானும் மலைக்குப் போனோம். அம்மா கையாலேயே 1,200ஐ உண்டியலில் போட்டாள். மிச்சத்தில் காபி குடித்தோம்.

ஊர் திரும்பியதும் எதையோ தேடும்போது கண்ணில் பட்டது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் காப்புரிமை, வெளியான வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருஷம்தான். 1963ல் வந்த ரெக்கார்டுக்கு 2023 டிசம்பரோடு முடிந்துவிட்டது. அதாவது நாங்கள் பாக்கியை அடைப்பதற்கு ஆறேழு மாசம் முன்னாலேயே, அந்தப் பதிவை யார் வேண்டுமானாலும் காப்பி எடுக்கலாம் என்றாகிவிட்டது. உடனே அம்மாவுக்குப் போன் போட்டு விவரமாகச் சொன்னேன்.

எல்லாம் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்: "உங்க நைனா சட்டத்துக்கா ராஜா கணக்கு எழுதினார்?"

அங்கே விடிகாலை. போனில் அம்மாவின் குரலுக்குப் பின்னால் அது ஓடிக்கொண்டிருந்தது. "வைக்காதேம்மா" என்றேன். முடிகிற வரைக்கும் ரெண்டு பேரும் பேசவில்லை.