சின்ன வாய், பெரிய பிடிவாதம்!

ஆள் உயரத்துக்குப் பாய்ந்து குரைக்கிற நாயைக்கூடச் சமாளித்துவிடலாம். ஆனால் மடியில் அடங்கிக் கிடக்கும் பொமரேனியன் குட்டி, தட்டை ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதோ, வீடே கதிகலங்கிப் போகிறது! “ஏண்டா கண்ணு, பிடிக்கலையா?” என்று அம்மா கெஞ்சுவாள். “ஒரு வேளை பட்டினி போடு, தானே தின்னும்” என்பார் அப்பா. மூன்றாவது மாடி மாமியோ, “எங்காத்துக் குட்டிக்கு ரெண்டு சொட்டு நெய் விட்டால்தான் இறங்கும்” என்று யோசனை சொல்லிவிட்டுப் போவாள். சகோதரிகளே, இந்த மூவரில் யார் பேச்சைக் கேட்பது?

முதலில் ஒரு கணக்குச் சொல்கிறேன், கேளுங்கள். 3 கிலோ எடையுள்ள நாயைப்போல் 30 கிலோ நாய் பத்து மடங்கு கனம். ஆனால் அதற்குத் தேவையான ஆகார சக்தி பத்து மடங்கு அல்ல. ஏறக்குறைய ஐந்தரை மடங்குதான். அதாவது, கிலோவுக்குக் கிலோ பார்த்தால் சின்ன நாய்க்குத்தான் அதிக சக்தி வேண்டும். வயிறோ சின்னது. ஆகவே கொஞ்சமாக, அடிக்கடி, சத்துள்ளதாகக் கொடுக்க வேண்டும். மூன்று மாதக் குட்டிக்கு நாளைக்கு நான்கு வேளை. ஆறு மாதம்வரை மூன்று வேளை. பிறகு இரண்டு வேளை போதும்.

அப்பா சொன்ன பட்டினி வைத்தியம் இருக்கிறதே, அது ஆரோக்கியமாக வளர்ந்த நாய்க்கு ஓரளவு சரி. தட்டை வைத்து இருபது நிமிஷம் பார்க்கலாம்; தின்னாவிட்டால் எடுத்துவிட்டு அடுத்த வேளைக்குக் கொடுக்கலாம். ஆனால் கையளவுக் குட்டியிடம் இந்தக் கண்டிப்பு கூடவே கூடாது. சில மணி நேரம் வயிறு காய்ந்தாலே அதன் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். உடம்பு நடுங்கும், கால் தள்ளாடும், மயங்கிச் சரியும். அப்படி நேர்ந்தால் ஈறில் சிறிது தேனைத் தடவிவிட்டு உடனே மிருக வைத்தியரிடம் ஓட வேண்டும். மயங்கிக் கிடக்கும் குட்டியின் வாயில் பாலையோ தண்ணீரையோ ஊற்றிவிடாதீர்கள், புரையேறிவிடும்.

அம்மாவின் கெஞ்சலுக்கும் ஒரு வார்த்தை. சாதத்தைத் திருப்பினால் பிஸ்கட் வருகிறது, பிஸ்கட்டைத் திருப்பினால் முட்டை வருகிறது என்று குட்டி இரண்டே நாளில் படித்துக்கொள்கிறது. நாம் அதைப் பழக்குவதாக நினைக்கிறோம். உண்மையில் அதுதான் நம்மைப் பழக்குகிறது! தின்பண்டமெல்லாம் சேர்ந்து ஒரு நாள் ஆகாரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது வைத்தியர்கள் சொல்லும் கணக்கு. 3 கிலோ நாய்க்கு ஒரே ஒரு மேரி பிஸ்கட்டோடு அந்தப் பங்கு தீர்ந்துபோகிறது.

ஆனால் தட்டைத் திருப்புவதெல்லாம் பிடிவாதம்தானா? இங்கேதான் என் பெரியம்மாவைப்பற்றிச் சொல்ல வேண்டும்.

பெரியம்மா மயிலாப்பூரில் தனியாக இருக்கிறாள். பிள்ளைகள் இருவரும் கடல் கடந்து போய்விட்டார்கள். துணைக்கு முத்து என்று ஒரு வெள்ளைக் குட்டி. ஏழாவது மாதத்தில் அது திடீரென்று எல்லாவற்றையும் ஒதுக்க ஆரம்பித்தது. தயிர் சாதத்தை மட்டும் நக்கும். “செல்லம் அதிகமாகிவிட்டது” என்று தெருவே தீர்ப்புச் சொல்லிற்று. பெரியம்மா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. “அவன் தட்டுகிட்ட ஆசையா ஓடி வரான். வாயில் எடுக்கிறான். அப்புறம் கீழே போட்டுடறான். வேண்டாங்கிறவன் ஏண்டி ஓடி வரணும்?” என்றாள் என்னிடம்.

வைத்தியர் வாயைத் திறந்து பார்த்தார். விழ வேண்டிய பால் பற்கள் விழாமல், புதுப் பல்லுக்குப் பக்கத்திலேயே நின்று ஈறைப் புண்ணாக்கியிருந்தன. சின்ன ஜாதி நாய்களுக்கு இது சகஜமாம். மயக்க மருந்து கொடுத்து அவற்றை எடுத்தார்கள். பத்து நாளில் முத்து கடக் முடக்கென்று கடித்துத் தின்னும் சத்தம் வாசல்வரை கேட்டது!

இன்னொரு சங்கடமும் இருந்தது. அந்த வீட்டில் மாமிசம் நுழைந்ததே இல்லை. வளரும் குட்டிக்கு வெறும் தயிர் சாதம் போதாது, புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சரியான அளவில் வேண்டும் என்றார் வைத்தியர். மாமிசம் இல்லாமல் முடியாதா? பூனைக்கு முடியாது, நாய்க்குக் கவனமாகச் செய்தால் முடியும். 2013-ல் ‘நேச்சர்’ பத்திரிகையில் வந்த ஓர் ஆராய்ச்சி, ஓநாயைவிட நாய்க்கு மாவுச் சத்தை ஜீரணிக்கும் திறன் அதிகம் என்று காட்டியிருக்கிறது. ஆனாலும் நம் இஷ்டத்துக்குச் சமைத்துப் போட்டால் ஏதாவதொரு சத்து குறைந்தே தீரும். பெரியம்மா ஒரு வாரம் யோசித்தாள். பிறகு பால்கனியில் தனித் தட்டு, தனிக் கரண்டி, தனி டப்பா எல்லாம் வந்து சேர்ந்தன. டப்பாவில் கோழி கலந்த குட்டி உணவு. “ஆசாரம் எனக்கு. பசி அவனுக்கு” என்று முடித்துவிட்டாள்.

கடையில் வாங்கும்போது பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். ‘குட்டிகளுக்கான முழுமையான உணவு’ என்று இருக்க வேண்டும். துண்டுகள் சின்ன வாய்க்கேற்ற அளவில் இருக்க வேண்டும். புது உணவை ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் கால் பங்கு, பிறகு அரை, பிறகு முக்கால் என்று ஒரு வாரத்தில் மாற்றினால் வயிறு கெடாது. கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்தால் வாசனை எழும்பும். நாய்க்கு நாக்கைவிட மூக்குதான் பெரிது!

கொடுக்கவே கூடாதவையும் உண்டு. பாயசத்தில் மிதக்கும் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். சாம்பாரிலுள்ள வெங்காயமும் பூண்டும் ரத்தத்தைப் பாதிக்கும். சாக்லேட் விஷம். சர்க்கரைக்குப் பதில் ஸைலிட்டால் சேர்த்த மிட்டாயும் அப்படித்தான். வெந்த கோழி எலும்பு சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

ஆகாரத்தை ஒதுக்குவதோடு வாந்தியும் ரத்தபேதியும் சேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். குட்டிகளைக் கொள்ளைகொண்டு போகும் பார்வோ நோயாக இருக்கலாம். தடுப்பூசியைக் காலத்தில் போட்டுவிட்டால் அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை.

வாயில்லா ஜீவன் என்கிறோம். அதற்கு வாய் இருக்கிறது, பேச்சுதான் இல்லை. இன்று இரவு உங்கள் செல்லம் தட்டைத் திருப்பினால், திட்டுவதற்கு முன்னும் கெஞ்சுவதற்கு முன்னும் பக்கத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து கவனியுங்கள். வேண்டாம் என்கிறதா, முடியவில்லை என்கிறதா? அது தெரிந்துவிட்டால் என்ன கொடுப்பது என்பது அப்படியொன்றும் கஷ்டமான கேள்வி அல்ல.